மேற்கலத்தையும் கீழ்க்கலத்தையும் எதைக் கொண்டு இணைப்பது? ஒளிபுகு மின்கடத்துப் பசையும் அதன் மாற்று வழிகளும்

சிலிக்கான் சூரிய மின்கலத்தின் திறனுக்குக் கோட்பாட்டளவில் உள்ள உச்சவரம்பு 29.4 விழுக்காடு. ஆய்வகக் கலங்கள் 27 விழுக்காட்டைக் கடந்துவிட்டன. இனிச் சிலிக்கானை மட்டும் செப்பனிட்டுப் பெறக்கூடியது மிகக் குறைவு. அதனால்தான் சிலிக்கானின் மேல் வேறொரு கலத்தை ஏற்றி, நீலம் முதல் சிவப்பு வரையுள்ள ஒளியை மேற்கலமும் அதைக் கடந்து வரும் அகச்சிவப்பு ஒளியைச் சிலிக்கானும் உண்ணும்படி செய்யும் டேண்டம் கலங்களைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுந்திருக்கிறது. மேற்கலமாக எதை வைப்பது என்ற கேள்விக்குப் பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புள்ள சேர்மங்கள், காலியம் ஆர்செனைடு, காலியம் இண்டியம் பாஸ்பைடு என்று பல விடைகள் உள்ளன. ஆனால் சோதனைத் தொழிற்கூடம் ஒன்றில் அடுத்த ஓராண்டுக்கு எந்தக் கருவியை வாங்குவது, யாரை வேலைக்கு அமர்த்துவது என்று முடிவெடுக்கவேண்டியவருக்கு அதைவிட நெருக்கமான கேள்வி ஒன்று உண்டு: அந்த மேற்கலத்தைக் கீழ்க்கலத்தோடு எதைக் கொண்டு இணைப்பது?

இணைப்பு அடுக்கு மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். இரண்டு கலங்களையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே போகவேண்டிய ஒளியை விட வேண்டும். இரண்டு கலங்களும் தொடர் இணைப்பில் இயங்குவதானால் மின்னோட்டத்தையும் கடத்த வேண்டும். இம்மூன்றில் இரண்டைச் செய்யும் பொருள்கள் ஏராளம். சாதாரண எப்பாக்சி பிடிக்கும், ஒளியை விடும், மின்சாரத்தைக் கடத்தாது. வெள்ளிப் பசை பிடிக்கும், கடத்தும், ஒளியை மறைக்கும். மூன்றையும் ஒருசேரச் செய்வதாகச் சொல்லப்படும் ஒளிபுகு மின்கடத்துப் பசையை அதன் மின்தடையையும் ஒளிபுகு விழுக்காட்டையும் மட்டும் பார்த்து எடைபோடுவது பிழை என்பது என் கருத்து. மற்ற வழிகள் விதிக்கும் எந்தக் கட்டுப்பாட்டிலிருந்து அது நம்மை விடுவிக்கிறது, அதற்கு ஈடாக எதைக் கேட்கிறது என்பதே கணக்கு.

முதலில், இணைப்பிடம் நாம் கேட்பது உண்மையில் எவ்வளவு என்று பார்ப்போம். இரண்டு கலங்கள் கொண்ட டேண்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே ஓடுவது ஏறத்தாழ 20 மில்லிஆம்பியர். இணைப்பின் மின்தடை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 ஓம் என்று வைத்துக்கொண்டால் அதில் வீணாவது 0.4 மில்லிவாட். அதே பரப்பில் விழும் வெயில் 100 மில்லிவாட் என்பதால், இழப்பு திறனில் 0.4 புள்ளி, 30 விழுக்காட்டுக் கலம் 29.6 ஆகும். கால் ஓமுக்குக் கொண்டுவந்துவிட்டால் இழப்பு 0.1 புள்ளிதான். மின்னோட்டம் சில பத்து மைக்ரான் தடிமனைச் செங்குத்தாகக் கடந்தால் போதும், பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடத் தேவையில்லை என்பதால்தான் இவ்வளவு சலுகை கிடைக்கிறது. தொடுதிரைக்கோ கலத்தின் முகப்புக்கோ தேவைப்படும் ஒளிபுகு கடத்தியோடு இதை ஒப்பிடுவதே தவறு. அங்கே பக்கவாட்டுக் கடத்தல்தான் முதல் வேலை. ஒளியிலும் இதே போன்ற ஒரு சலுகை உண்டு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இந்தப் பசைக்கு இல்லை. மேற்கலம் காலியம் ஆர்செனைடானால் ஏறத்தாழ 870 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் எதுவும் பசையை வந்தடையாது. அதற்கு மேல் 1150 வரையுள்ள ஒளியை மட்டும் அது விட்டால் போதும்.

இந்த இரண்டு சலுகைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு மாற்று வழிகளைப் பார்க்கலாம்.

பசையே வேண்டாம் என்பது முதல் வழி. கீழ்க்கலத்தின் மேலேயே மேற்கலத்தைப் படியவைத்து, நடுவில் இருபது நானோமீட்டர் அளவிலான இண்டியம் டின் ஆக்சைடு போன்ற, இரு கலங்களிலிருந்தும் வரும் எதிரெதிர் மின்சுமைகள் கூடி மறையும் மறுசேர்க்கை அடுக்கு ஒன்றை வைத்துவிட்டால் இணைப்பின் ஒளி இழப்பும் மின் இழப்பும் கிட்டத்தட்ட இல்லை. பெரோவ்ஸ்கைட்–சிலிக்கான் டேண்டத்தின் சாதனைகள் எல்லாம் இவ்வழியில் வந்தவை. 2022 டிசம்பரில் பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையம் 32.5 விழுக்காட்டை எட்டியது. சீனாவின் லோங்கி நிறுவனம் 2023 நவம்பரில் 33.9, 2024இல் 34.6, 2025 ஏப்ரலில் 34.85 என்று ஏறிக்கொண்டே போயிற்று. பெரோவ்ஸ்கைட்டைக் கரைசலாகப் பூசலாம், ஆவியாகவும் படியவைக்கலாம். நூறு டிகிரியையொட்டிய வெப்பத்தில் அது படிகமாகிவிடும். அடியிலுள்ள படிகத்தின் அமைப்போடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கில்லை. ஆகவே பெரோவ்ஸ்கைட்டைத் தானே படியவைக்கத் தெரிந்த குழுவுக்குப் பசை தேவையில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

காலியம் ஆர்செனைடு குடும்பத்துக்கு இது பொருந்தாது. அதன் அணுக்களுக்கு இடையிலான தொலைவு சிலிக்கானைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு அதிகம். நேரடியாக வளர்த்தால் படிகத்தில் குறைகள் பெருகி மின்னழுத்தம் சரிந்துவிடும். வெப்பத்தில் அது விரியும் அளவோ சிலிக்கானைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பல மைக்ரான் தடிமனுக்கு இடைப்படிநிலை அடுக்குகளை வளர்த்து இதைச் சமாளிக்கலாம்; ஆனால் தனியாகத் தன் சொந்த வேஃபரில், அதாவது மெல்லிய படிகத் தகட்டில், வளர்ந்த கலத்தின் தரம் அப்படி எளிதில் கைகூடுவதில்லை. நேரடிப் படிவுக்கு இன்னொரு விலையும் உண்டு, அது பெரோவ்ஸ்கைட்டுக்கும் சேரும். நூறு நல்ல சிலிக்கான் கலங்களை எடுத்து அவற்றின்மேல் மேலடுக்கைப் படியவைக்கும்போது இருபது கெட்டுப்போனால், அந்த இருபது சிலிக்கான் கலங்களும் கூடவே குப்பைக்குப் போகும். தொடர் இணைப்பில் குறைந்த மின்னோட்டம் தரும் கலமே மற்றதையும் கட்டுப்படுத்தும்; இரண்டையும் தனித்தனியே செய்து, அளந்து, மின்னோட்டம் பொருந்தும் இணைகளாகப் பொறுக்கி ஒட்டுபவருக்கு இந்த நட்டம் இல்லை. கல்யாணப் பொருத்தம் பார்ப்பதுபோலத்தான். பார்த்துச் சேர்ப்பதற்கு இடமிருக்கும்போது அதை விட்டுக்கொடுக்கக் காரணம் வேண்டும்.

இரண்டாவது வழி வேஃபர்களை நேராகப் பிணைப்பது. இரு பரப்புகளையும் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான கரடுமுரடு வரும்வரை மெருகிட்டு, உயர் வெற்றிடத்தில் ஆர்கான் அணுக்கற்றையால் மேற்பரப்பிலுள்ள ஆக்சைடைச் சுரண்டி, அழுத்தி வைத்தால் பசை ஏதுமின்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் ஃப்ரவுன்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் இவ்வாறு பிணைத்த மூன்று சந்திக் கலம் (ஒளியை மின்சாரமாக்கும் அடுக்குகள் மூன்று கொண்டது) 2018இல் 33.3 விழுக்காடும், 2021இல் 35.9 விழுக்காடும், 2023இல் நெதர்லாந்தின் ஆமோல்ஃப் நிறுவனத்தோடு சேர்ந்து 36.1 விழுக்காடும் தந்தது. பிணைப்பின் மின்தடை மிகச் சிறியது. இரு பக்கமும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழச் சமம் என்பதால் ஒளி எதிரொளிப்பதும் இல்லை. வெயிலைக் குவியவைக்கும் ஒளிக்குவிப்புக் கலங்களுக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது என்றே சொல்லலாம். முன்சொன்ன 1 ஓம் இணைப்பில் நூறு மடங்கு வெயில் விழுந்தால் மின்னோட்டம் 2 ஆம்பியர், மின்னழுத்த வீழ்ச்சி 2 வோல்ட்; இரு சந்திக் கலம் தரும் மொத்த மின்னழுத்தமே அவ்வளவுதான். 2014இல் 508 மடங்கு வெயிலில் 46 விழுக்காடு காட்டிய நான்கு சந்திக் கலம் இப்படிப் பிணைக்கப்பட்டது என்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஒரு நானோமீட்டர் நிபந்தனைதான் உதைக்கிறது. ஒரு மைக்ரான் அளவுள்ள ஒற்றைத் தூசித்துகள் பிணைப்பின் நடுவில் சிக்கினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெற்றிடம் உண்டாகும். தொழிற்சாலையிலிருந்து வரும் சிலிக்கான் கலத்தின் முகமோ, ஒளியைச் சிறைப்பிடிப்பதற்காகவே, சில மைக்ரான் உயரப் பிரமிடுகளால் நிறைந்திருக்கும். அவற்றைத் தேய்த்து மெருகிடுவது என்பது மலிவான சிலிக்கானை விலையுயர்ந்த சிலிக்கானாக மாற்றுவது. ஜப்பானின் தேசியத் தொழில்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு ஒரு நடுவழி கண்டது: பல்லேடியம் நானோதுகள்களை வரிசையாகப் பரப்பி அவற்றின் மேல் மேற்கலத்தை வைப்பது. மின்கடத்தல் சிறப்பு, ஒளி இழப்பும் சிறிது. என்றாலும் துகள்கள் பத்துக்கணக்கான நானோமீட்டர் அளவினவே ஆதலால், மெருகின் கட்டாயம் தளர்கிறதேயொழிய நீங்குவதில்லை. பிரமிடுகள் நிறைந்த முகத்துக்கு இது உதவாது.

மூன்றாவது, மின்கடத்தாத பசையால் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு கலத்துக்கும் இரண்டாக நான்கு மின்முனைகளை வெளியே எடுப்பது. அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இரு ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட முடிவுகளில் காலியம் ஆர்செனைடு–சிலிக்கான் இணை 32.8 விழுக்காடும், அதன்மேல் இன்னொரு சந்தி சேர்த்தது 35.9 விழுக்காடும் தந்தன. மின்னோட்டம் பொருந்தவேண்டிய கவலையே இதில் இல்லை. காலையிலும் மாலையிலும் வெயிலின் நிறம் மாறினாலும் ஒரு கலம் மற்றதைக் கட்டிப்போடாது. இழப்பு வேறிடத்தில் வருகிறது. மின்னோட்டத்தை நடுவிலிருந்து பக்கவாட்டில் வெளியே எடுக்க இரு முகங்களிலும் உலோகக் கம்பிகள், அவற்றை நேர்க்கோட்டில் பொருத்தும் வேலை, தடித்த கடத்தி அடுக்குகள், அவை விழுங்கும் அகச்சிவப்பு ஒளி, பிறகு சூரியப் பலகைக்குள் இரட்டை மின்வயரிங் என்று வரிசையாகச் சேரும். ஆய்வகத்தில் திறனை நிறுவிக் காட்ட இதைவிட விரைவான வழி இல்லை. விற்பனைக்குரிய பலகை செய்பவர் இதைத் தேர்ந்தால், சிக்கலைக் கலத்திலிருந்து பலகைக்கு இடம் மாற்றுகிறார், அவ்வளவே.

இனி ஒளிபுகு மின்கடத்துப் பசை. ஒரே பெயரில் வழங்கினாலும் அடியில் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஒன்று, கோளப் பசை. திரவப் படிகத் திரைகளின் கண்ணாடியோடு மின்சுற்றுகளை ஒட்டப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும், செங்குத்தாக மட்டும் கடத்தும் படலத்தின் அதே கருத்துதான் இது. மேலே குறிப்பிட்ட அமெரிக்க ஆய்வகம் 2018இல் வெளியிட்ட வடிவத்தில், வெள்ளி பூசிய அக்ரிலிக் நுண்கோளங்கள் ஈ.வி.ஏ. எனப்படும் எத்திலீன் வினைல் அசிட்டேட்டில் பரவியிருந்தன. ஈ.வி.ஏ. சூரியப் பலகைத் தொழிலுக்குப் பழகிய பொருள். பல பலகைகளின் கண்ணாடிக்குக் கீழே அது இருக்கிறது. கோளங்கள் எல்லாம் ஒரே அளவு. அவற்றின் விட்டமே ஒட்டின் தடிமன். 50 மைக்ரான் கோளங்களைப் பரப்பில் 1 விழுக்காடு மறைக்கும்படி தூவினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 500 கோளங்கள், ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி, ஒவ்வொன்றும் சுமப்பது 40 மைக்ரோஆம்பியர். இழக்கும் ஒளியும் கீழ்க்கலத்துக்குரியதில் 1 விழுக்காடுதான். முன்பு சொன்ன செங்குத்துச் சலுகையை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும் அமைப்பு இது.

ஆனால் ஒரு கோளத்திலிருந்து அடுத்த கோளத்துக்கு இடைப்பட்ட பகுதியில் பிறக்கும் மின்னோட்டம் பக்கவாட்டில் நகர்ந்துதான் கோளத்தை அடைய வேண்டும். இடைவெளி இரட்டித்தால் இந்த இழப்பு நான்கு மடங்குக்கும் மேல் கூடும். அதனால் இரு முகங்களிலும் மெல்லிய கடத்தி ஆக்சைடு அடுக்கு தேவை. கோளத்தைச் சிறிதாக்கினால், அதே 1 விழுக்காட்டு மறைப்பில் எண்ணிக்கை ஏறி இடைவெளி சுருங்கும்; 10 மைக்ரான் கோளத்தில் அது ஐந்தில் ஒன்றாகிவிடும். ஆனால் பிரமிடுகளின் உயரத்தையும் வேஃபர் தடிமனின் ஏற்ற இறக்கத்தையும் விடக் கோளம் பெரிதாக இருக்கவேண்டும் என்பதால் மிகச் சிறிதாக்கவும் முடியாது. கோள அளவைத் தீர்மானிப்பது கடைசியில் உங்கள் கீழ்க்கலத்தின் முகந்தான், பசை விற்பவரின் பட்டியல் அல்ல.

கோளத்தின் உள்ளே ஏன் உலோகம் இல்லாமல் அக்ரிலிக் இருக்கிறது என்பது இந்தப் பசையின் நுட்பமான பகுதி. ஈ.வி.ஏ. வெப்பத்தில் ஒரு டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 270 பங்கு விரியும். அக்ரிலிக் ஏறத்தாழ 70 பங்கு. 150 டிகிரியில் ஒட்டிய பலகை வெயிலில் 65 டிகிரியில் இயங்கும்போது, 50 மைக்ரான் ஈ.வி.ஏ. ஒரு மைக்ரானுக்கு மேல் சுருங்க விரும்புகிறது, கோளம் 0.3 மைக்ரான்தான் சுருங்குகிறது. வேறுபாடான 0.8 மைக்ரான் அளவுக்குக் கலங்கள் கோளத்தை இறுக்கிப் பிடிக்கின்றன; கோளம் நெகிழ்ந்து கொடுத்துத் தொடர்பைக் காக்கிறது. கடினமான உலோகக் குண்டாக இருந்தால் மென்மையான மேற்கலத்தைக் குத்திவிடக்கூடும். இதே கணக்கை மறுபுறம் திருப்பிப் பாருங்கள்: வெப்பம் தாங்காத மேற்கலத்துக்காக 80 டிகிரியில் ஒட்டினால், 65 டிகிரியில் இயங்கும்போது இந்த இறுக்கத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது, ஒட்டும்போது கொடுத்த அழுத்தத்தில் மிஞ்சியிருப்பதை நம்பியே தொடர்பு நிற்க வேண்டும். காலையில் நன்றாகவும் நண்பகலில் மோசமாகவும் இயங்கும் ஒட்டு எங்காவது தென்பட்டால் நான் முதலில் தேடுவது இந்தக் காரணத்தைத்தான்.

பெரோவ்ஸ்கைட்டோடு கோளப் பசைக்கு ஒத்துவராத இன்னொன்றும் உண்டு. ஈ.வி.ஏ. வயதாகும்போது அசிட்டிக் அமிலத்தைக் கசியவிடும். வெள்ளிப்பூச்சுக்கும் பெரோவ்ஸ்கைட்டுக்கும் அது ஆகாது. அமிலம் விடாத பாலியோலெஃபின் படலங்களுக்கு மாறலாம். மாறினால் வெப்ப விரிவுக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

இரண்டாவது வகை, உலோகத்துக்குப் பதில் இண்டியம் டின் ஆக்சைடுத் துகள்களைப் பிசினில் கலப்பது. டோக்கியோ வேளாண்மை மற்றும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதை நெடுநாள் ஆராய்ந்தார்கள். துகளே ஒளியை விடும் என்பதால் கூடுதலாகக் கலக்கலாம் என்பது ஈர்ப்பு. ஆனால் அவை கடினமானவை, ஒழுங்கற்ற வடிவின. நெகிழ்ந்து கொடுக்கும் குணம் இல்லை. இரண்டும் தட்டையான முகங்களாக இருக்கும் இடத்துக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

மூன்றாவது, பெடாட்–பி.எஸ்.எஸ். என்னும் கடத்தும் பாலிமரில் சார்பிட்டால் கலந்து பசையாக்குவது. கரிமச் சூரியக் கலங்களை ஒட்டப் பிறந்த முறை இது. பிறகு பெரோவ்ஸ்கைட்–சிலிக்கான் இணைகளுக்கும் வந்தது. பரப்பு முழுவதும் ஒருசீராகக் கடத்தும், ஒட்டு மிக மெல்லியது, குறைந்த வெப்பம் போதும். எதிர்ப்பக்கத்தில், அகச்சிவப்பை உறிஞ்சும் இயல்பு உண்டு. கீழ்க்கலத்துக்குப் போகவேண்டியது சரியாக அந்த ஒளிதான். கண்ணுக்கு வெளிர்நீலமாகத் தெளிந்து தெரிவதை நம்பி ஏமாறக்கூடாது. போதாததற்கு அது அமிலத்தன்மை கொண்டது, ஈரத்தை இழுப்பது.

மூன்று வகைக்கும் பொதுவான ஒரு குறை ஒளிவிலகலில் இருக்கிறது. சிலிக்கானும் காலியம் ஆர்செனைடும் ஒளிவிலகல் எண் 3.5ஐ ஒட்டியவை, பசை 1.5. வெறும் முகத்தில் பசை பட்டால் ஒவ்வொரு எல்லையிலும் 16 விழுக்காடு ஒளி திரும்பிவிடும். எண் 1.9 உடைய இண்டியம் டின் ஆக்சைடை 130 நானோமீட்டர் அளவில் பூசினால் 1000 நானோமீட்டர் ஒளிக்கு இது 3 விழுக்காட்டுப் பக்கம் இறங்கும், எண் 2.3 உடைய அடுக்கானால் ஏறத்தாழ மறையும். பிரமிடு முகமும் உதவும். ஆகவே பசையின் ஒளிபுகு திறன் 95 விழுக்காடு என்று தனியே அளந்து சொல்வதில் பொருளில்லை. கேட்கவேண்டியது, ஒட்டிய பிறகு கீழ்க்கலத்தின் மின்னோட்டம் எவ்வளவு என்பது. எதிரொளிப்பு முழுதும் நட்டமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மேற்கலம் தானே உமிழும் ஒளி பசையின் எல்லையில் பட்டு மேலே திரும்புவதால் மெல்லிய காலியம் ஆர்செனைடுக் கலத்தின் மின்னழுத்தம் சற்று உயரும்.

இவ்வளவையும் வைத்து முடிவெடுக்கவேண்டியவருக்கு என் பரிந்துரை இது. மேற்கலம் பெரோவ்ஸ்கைட், அதை நீங்களே படியவைக்கிறீர்கள் என்றால் நேரடிப் படிவு. உங்கள் விளைச்சல் (பழுதின்றித் தேறும் கலங்களின் பங்கு) மிக மோசமாக இருந்து, நல்ல சிலிக்கானை இழப்பது தாங்காது என்றால் மட்டும் பசையை எண்ணுங்கள். ஒளிக்குவிப்புக்கானால் வேஃபர் பிணைப்பு, மறுபேச்சில்லை. மேற்கலம் தனி வேஃபரில் வளர்ந்த காலியம் ஆர்செனைடு குடும்பம், கீழ்க்கலம் கடையில் வாங்கிய பிரமிடு முகச் சிலிக்கான், சாதாரண வெயில் என்றால் கோளப் பசையை நெருங்கக்கூடிய வழி வேறில்லை. பின்முகத்தில் மட்டும் முனைகள் கொண்ட சிலிக்கானைக் கீழே வைத்தால் மூன்றாவது முனை ஒன்றையும் எடுத்து, மின்னோட்டப் பொருத்தத்தின் பிடியிலிருந்தும் தப்பலாம். 2020இல் அதே அமெரிக்க ஆய்வகத்தின் குழு இந்தப் பசையைக் கொண்டு மூன்று முனைக் கலம் செய்து 27 விழுக்காட்டையொட்டிய திறனைக் காட்டியது. வேஃபர் பிணைப்பின் 36க்கு முன் அது சிறிதாகத் தெரியலாம். ஆனால் 36 என்பது மூன்று சந்திக்கு, 27 என்பது இரண்டுக்கு. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தக்கூடாது.

கோளப் பசையைத் தேர்ந்தவர் பெருங்கருவி வாங்குமுன் செய்யக்கூடிய சோதனை மலிவானது. மேற்கலம் கூடத் தேவையில்லை: ஆக்சைடு பூசிய சிலிக்கான் துண்டுகள் இரண்டை ஒட்டி மின்தடையை அளந்து, பலகைகளுக்கான தரச்சோதனைபோல மைனஸ் 40 முதல் 85 டிகிரிவரை 200 சுற்று ஏற்றி இறக்கி, 85 டிகிரியிலும் 85 விழுக்காடு ஈரத்திலும் 1000 மணி நேரம் வைத்து மறுபடி அளக்க வேண்டும். அளப்பது அறை வெப்பத்தில் மட்டும் போதாது. 65, 75, 85 டிகிரிகளில், துண்டு சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். சூட்டில் மின்தடை ஏறி ஆறியதும் பழைய அளவுக்கே திரும்பினால், வெள்ளி கெடவில்லை, கோளம் தொடர்பை விடுகிறது என்று பொருள். ஒட்டும் வெப்பத்தையோ அழுத்தத்தையோ கூட்ட வேண்டும். ஆறிய பிறகும் இறங்காமல் நின்றால் பிசினை மாற்ற வேண்டும்.